லாவா நடந்து வந்த கரை

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தில், கேனன் பீச் என்றொரு சிற்றூர். அதன் கடற்கரையில், அலை வந்து போகும் இடத்தில், 235 அடி உயரத்துக்கு ஒரு கரும்பாறை எழுந்து நிற்கிறது. ஹேஸ்டாக் ராக் என்பது அதன் பெயர். கடல் இறங்கும் நேரத்தில் அதன் அடிவாரம் வரை நடந்தே போய்விடலாம். கீழ்ப்பகுதி முழுக்கக் கொட்டலசும் மட்டியும் அப்பிக் கிடக்கின்றன. பள்ளங்களில் தேங்கிய நீரில் ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திர மீன்கள். மேலே, புல் முளைத்த சரிவில், வசந்தத்திலிருந்து கோடை வரை பஃபின் பறவைகள் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அந்தப் பறவையைப் பார்க்கவே தொலைநோக்கியும் முக்காலியுமாக வந்து தவம் கிடப்பவர்கள் உண்டு.

பாறை பசால்ட். அதாவது, எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கல். ஆனால் சுற்றிப் பார்த்தால் எரிமலையைக் காணோம். கூம்பு இல்லை, வாய் இல்லை, சாம்பல் மேடு இல்லை. மரவீடுகள், ஊசியிலை மரங்கள், பட்டம் விடும் குழந்தைகள், நாய்கள். நான் பாறையைச் சுற்றி எதையோ துழாவுவதைப் பார்த்து அக்கா மகள் சிரித்தாள்.

“மாமா, டப்பாவைத் தேடாதீங்க. இது எர்த்கேச். டப்பாவே கிடையாது.”

“பின்ன என்னத்தைத் தேடுறது?”

“பதிலை. ‘இந்தக் கல் எங்கிருந்து வந்துச்சு?’ன்னு கேள்வி வந்திருக்கு. பார்த்துட்டுச் சொல்லுங்க.”

அவளும் கணவனும் போர்ட்லண்டை அடுத்த ஹில்ஸ்பரோவில் சில்லுத் தொழிற்சாலை வேலையில் இருப்பவர்கள். அந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வார இறுதியில் மகனைத் திரையிலிருந்து பிரித்து வெளியே இழுக்க அவள் கண்டுபிடித்த வழி ஜியோகேச்சிங். அதற்கும் ஒரு திரை வேண்டியிருக்கிறது என்பதை அவளிடம் சொல்லிப் பயனில்லை.

விளையாட்டு எளிமையானது. யாரோ ஒருவர் ஓர் இடத்தில் ‘கேச்’ எனப்படும் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பொதுவில் வெளியிடுகிறார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடிப் போகிறார்கள். கண்டெடுத்தவர் உள்ளே இருக்கும் சிறு நோட்டில் பெயரெழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். ஆட்டம் தெரியாத வழிப்போக்கர்களுக்கு ‘மகிள்’ என்று பெயர்; ஹாரி பாட்டர் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டது. அவர்கள் கண்ணில் படாமல் எடுப்பதில்தான் பாதிச் சுவை. இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேற்பட்ட கேச்கள் இருக்கின்றன. ஆட்டம் பிறந்தது இதே ஓரிகனில்தான்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். குறிப்பில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்துவைத்திருந்தது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம். கிளிண்டன் அரசு அந்தப் பிழையை நீக்கியது. உடனே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் போர்ட்லண்டுக்குத் தெற்கே பீவர்க்ரீக் அருகில், சாலையோர மரங்களுக்கிடையே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்துவைத்து, அதன் இடக்குறிப்பை இணையத்தில் போட்டார். உள்ளே நோட்டு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு உண்டிகோல், ஒரு டின் அவரை. சில நாள்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த அவரை டின் பிற்காலத்தில் இந்த ஆட்டக்காரர்களின் கூட்டங்களில் புனிதப் பொருளாகக் காட்டப்பட்டது. மதங்கள் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராய்பவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

டப்பா வேட்டையில் எனக்குப் பெரிய ருசி இல்லை. நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பிகளுக்கு அடியில் காந்தம் வைத்து ஒட்டிய விரல்நுனி அளவுக் குப்பிகளை வரிசையாக எடுத்து எண்ணிக்கை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிலிருந்து அடுத்தது கூப்பிடு தூரம். எதையும் நின்று பார்க்க வேண்டியதில்லை. எர்த்கேச் அப்படியல்ல. 2004இல் அமெரிக்கப் புவியியல் கழகம் முன்னெடுத்த வகை இது. ஒளித்துவைத்த பொருள் எதுவும் இருக்காது, இடம் மட்டும்தான். போய் நின்று, பார்த்து, தொட்டு, சில இடங்களில் அளந்தும் பார்த்து, கேச்சை அமைத்தவருக்குப் பதில் அனுப்ப வேண்டும். டப்பா வைக்க அனுமதிக்காத சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும்கூட இதற்கு இடமுண்டு. ஹேஸ்டாக் ராக் அப்படிப்பட்ட இடம்தான். கொட்டலசுக்கு மேலே பாறையில் கால் வைக்கக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது.

கேள்விக்கு வருவோம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஓரிகன் கரையின் கறுப்பு முனைகள் விஷயத்தில் புவியியலாளர்களே நெடுங்காலம் மாட்டிக்கொண்ட இடம் இது. எரிமலைக் கல் இருந்தால் பக்கத்தில் எரிமலை வாய் இருந்திருக்க வேண்டும் என்பது இயல்பான யூகம். கரையோரமாகவே பல வாய்கள் இருந்து பின்பு கடல் அரித்துவிட்டது என்று நம்பினார்கள். கல்லே செங்குத்தான சுவர்களாகப் பழைய மண்ணடுக்குகளைக் கிழித்துக்கொண்டு நிற்பதால், கீழிருந்து மேலே வந்தது என்று சொல்வதும் பொருத்தமாகவே இருந்தது.

1979இல் மார்வின் பீசனும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும் இதைத் தலைகீழாக்கினார்கள். ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்கள் சந்திக்கும் உள்நாட்டுப் பகுதியில், ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் நீள நீளமாக வெடித்து, பசால்ட் குழம்பு வெள்ளமாகப் பரவியது. கொலம்பியா ஆற்றுப் பசால்ட் என்பது அதன் பெயர். முந்நூறுக்கு மேற்பட்ட பாய்ச்சல்கள், 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. அவற்றில் பெரியவை சில, அன்றைய கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்து மேற்கே வந்து, மலைத்தொடரைக் கடந்து, முந்நூறு மைலுக்கு மேல் பயணம் செய்து பசிபிக்கில் விழுந்தன. கரைக் கல்லின் வேதியியலும் உறைந்தபோது அதில் பதிந்த காந்தத் திசையும் உள்நாட்டுப் பாய்ச்சல்களோடு ஒவ்வொன்றாகப் பொருந்தின. பிறகு நடந்த ஈர்ப்பு, காந்த அளவீடுகளும் கரைக் கற்கள் ஆழத்தில் வேர்விடவில்லை என்றே காட்டின.

அப்படியென்றால் மண்ணைக் கிழித்து நிற்கும் சுவர்கள்? அதற்கான பதில்தான் இந்தக் கரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தக் காலத்தில் கரையோரம் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் ஈரமாக, இறுகாமல் கிடந்தன. குழம்போ அவற்றைவிட அடர்த்தி மிகுந்தது. உழுத சேற்று வயலில் இறங்கிய எருமைபோல அது தன் பாரத்தாலேயே அமிழ்ந்து, இளகிய அடுக்குகளை விலக்கிக்கொண்டு கீழேயும் பக்கவாட்டிலும் புகுந்தது. கீழிருந்து ஏறியதாகத் தெரிந்த சுவர்கள் உண்மையில் மேலிருந்து இறங்கியவை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மென்மண்ணைக் கடல் தின்று தீர்க்க, இறுகிய குழம்பு மட்டும் எஞ்சி நிற்கிறது.

இதை வெறும் அமெரிக்க அதிசயம் என்று எண்ண வேண்டாம். சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயிலில் கோதாவரிப் பாலத்தைத் தாண்டியிருப்பீர்கள். அந்த ராஜமுந்திரிப் பக்கத்துக் கல்குவாரிகளில் வெட்டுவதும் பசால்ட்தான். தக்காணத்தின் மேற்கில் பீறிட்ட குழம்பு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே வந்து வங்கக் கடலோரம் சேர்ந்தது என்று வேதியியல் ஒப்பீடுகளை வைத்து ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பூமியில் அறியப்பட்ட மிக நீண்ட லாவாப் பாய்ச்சல்களில் ஒன்று அது. நாம் ஜன்னலோரத்தில் காசு எறிந்துவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

கேனன் பீச்சுக்குச் சில மைல் தெற்கே ஹக் பாயிண்ட். இறங்கிய குழம்பு மணற்பாறையைக் கலக்கிய விதத்தை இங்கே கைதொடும் தூரத்தில் பார்க்கலாம். அடுக்கடுக்காகப் படுத்திருக்க வேண்டிய பாறை சுருண்டும் மடிந்தும் கிடக்கிறது. இடையிடையே கறுப்புத் துண்டுகள். பையன் ஒரு மடிப்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், விரல் கறுப்பில் முட்டியதும் நின்றான். “தாத்தா, இங்கதான் மோதியிருக்கு” என்றான். எர்த்கேச் கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தான்: எல்லை எங்கே, அதன் இருபுறமும் கல் எப்படி வேறுபடுகிறது?

அதே முனையில் கல்லைக் குடைந்து போட்ட வண்டித் தடம் ஒன்றும் இருக்கிறது. நெடுஞ்சாலை வருவதற்கு முன் கடற்கரைதான் இங்கே சாலை. குதிரை வண்டிகள் கடல் இறங்கும்வரை காத்திருந்து, முனையை ஒட்டி ஒட்டிப் போயிருக்கின்றன. 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் இந்தப் பழக்கத்தையே காரணமாகக் காட்டி, ஈரமணல் முழுவதையும் பொது நெடுஞ்சாலையாக அறிவிக்கச் செய்தார். 1967இல் வந்த சட்டம் உலர்மணலையும் புல் தொடங்கும் கோடு வரை மக்களுக்குத் திறந்துவிட்டது. விடுதிக்காரர் வேலி போட்டு “எங்கள் விருந்தினருக்கு மட்டும்” என்று பலகை வைக்க முடியாது. கேள்விகளோடு அலைகிற நம்மைப் போன்றவர்கள் இந்தக் கரையில் கேட்பாரின்றி நடப்பது அந்தச் சட்டத்தின் புண்ணியம்.

வண்டி நிறுத்துமிடங்களில் சுனாமி எச்சரிக்கை சொல்லும் நீலப் பலகைகள்: அலையிலிருந்து ஓடும் மனித உருவம், மேட்டைக் காட்டும் அம்பு. கரைக்கு அப்பால் கடலடியில் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. 1700 ஜனவரி 26இல் அது பிளந்து எழுப்பிய அலை ஜப்பான் வரை போய், அங்குள்ள பதிவேடுகளில் ஏறியிருக்கிறது. அதை வைத்துத்தான் இத்தனை துல்லியமாக நாளைச் சொல்கிறார்கள். 2004 டிசம்பரை நினைவில் வைத்திருக்கும் எவரும் அந்தப் பலகையைத் தாண்டும்போது ஒரு முறை மேட்டைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள்.

நெடுஞ்சாலை 101இல் தெற்கே. டில்லமூக்கில் பையனுக்கு ஐஸ்கிரீம். பிறகு ஃபவுல்வெதர் முனை. 1778 மார்ச்சில் கேப்டன் குக் இந்தக் கரையைக் கண்டபோது அடித்த மோசமான காற்று மழைக்காக வைத்த பெயர். நாங்கள் போனபோதும் பெயருக்குப் பங்கம் வரவில்லை. மூடுபனியில் கடலே தெரியாததால் நிற்கவில்லை.

யக்வினா முனையில் நின்றோம். நியூபோர்ட் ஊருக்கு வடக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பசால்ட் விரல் இது. நுனியில் 1873இல் ஏற்றிய கலங்கரை விளக்கம். 93 அடி, ஓரிகனிலேயே உயரமானது. எதிரே கடலில் நிற்கும் பாறை முழுக்க மர் என்னும் கறுப்பு வெள்ளைப் பறவைகள் தோளோடு தோள் உரச நிற்கின்றன. அவற்றின் இரைச்சலும் வாடையும் நம்மை வந்து சேரக் காற்று ஒத்துழைத்தது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே படியிறங்கினால் கோபிள் பீச். மணலே கிடையாது, உருண்டு வழுவழுத்த கறுப்புக் கூழாங்கற்கள் மட்டும். அலை பின்வாங்கும்போது அத்தனையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உருள்கிற சத்தத்தைப் படியிலிருந்தே கேட்கலாம். முனை உடைந்து விழுகிறது, கடல் உருட்டுகிறது, உருட்டிய கல்லையே மறுபடி முனைமேல் எறிந்து உடைக்கிறது. அரிப்பு என்று புத்தகத்தில் ஒற்றைச் சொல்லாகப் படிப்பதன் இயந்திரம் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

கடலைவிட வேகமாக அரித்தவர்களும் உண்டு. கல் நல்ல உறுதியானது என்பதால் சாலை போட இந்த முனையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். குன்றின் ஒரு பகுதியே இப்போது இல்லை. 1980இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக அறிவித்தது. பழைய குவாரிப் பள்ளத்தில் கடல்நீரை விட்டு, சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் நெருங்கிப் பார்க்கக்கூடிய அலைக்குட்டைகளாக அதை மாற்ற முனைந்தார்கள். குவாரியை மூடிவிட்டுப் பெயர்ப்பலகை மட்டும் வைக்கும் ஊர்களைப் பார்த்த எனக்கு அந்த முயற்சி பிடித்திருந்தது.

அடுத்தது சீல் ராக். இங்கே பசால்ட் தூண் தூணாகப் பிளந்திருக்கிறது. குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது வெடிப்புகள், குளிர்ச்சி தொடங்கிய பரப்பிலிருந்து உள்நோக்கி, அந்தப் பரப்புக்குச் செங்குத்தாக ஓடுகின்றன. ஐந்து பட்டை, ஆறு பட்டைத் தூண்கள் கிடைப்பது அப்படித்தான். தரைமேல் பரவி ஆறிய குழம்பில் தூண் நிமிர்ந்து நிற்கும். சுவராகப் புகுந்து ஆறியதில் படுத்திருக்கும். ஆகவே தூண் சாய்ந்திருக்கும் கோணத்தைப் பார்த்தே, காணாமல்போன குளிர்ந்த பரப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிவிடலாம். பையன் தூணோரமாகக் கைபேசியைச் சாய்த்துப் பிடித்து, கோணம் காட்டும் செயலியில் அளந்தான். பக்கத்தில் நின்ற ஒரு மகிள் தம்பதி, பாறையைப் படமெடுக்கத் தெரியாத பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

யாஹாட்ஸ் ஊரைத் தாண்டியதும் கரையின் குணம் மாறிவிடுகிறது. தனித்தனிப் பாறைகள் போய், காடு மூடிய மலையே நேராகக் கடலில் இறங்குகிறது. கேப் பெர்பெச்சுவா. அதே 1778 மார்ச்சில் குக் வைத்த பெயர். கடலுக்கு மேலே எண்ணூறு அடி உயரத்தில், 1933இல் பொருளாதார மந்தக் காலத்து வேலைத்திட்ட இளைஞர்கள் கல்லால் கட்டிய சிறு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கீழே மேடை மேடையாகக் கரும்பாறை, அதன்மேல் வெள்ளையாகச் சிதறும் அலை. இந்தக் கல் வந்தேறி அல்ல. யாஹாட்ஸ் பசால்ட், ஏறக்குறைய 3 கோடியே 70 லட்சம் ஆண்டு வயது, இந்தக் கரையிலேயே இருந்த எரிமலை கக்கியது. ஹேஸ்டாக்கைவிட இரு மடங்குக்கு மேல் பழையது. இரண்டும் கறுப்பு, இரண்டும் பசால்ட். வெறும் கண்ணுக்கு ஒரே கல்.

இங்கே ஒரு தடம் காட்டு வழியாக யாஹாட்ஸ் பக்கம் போகிறது. அமாண்டா தடம். 1860களில் யாஹாட்ஸில் அரசு முகமை ஒன்று இருந்தது. தெற்கேயிருந்து கூஸ், லோயர் அம்ப்குவா பழங்குடி மக்களைத் தங்கள் நிலத்திலிருந்து பெயர்த்து அங்கே அடைத்துவைத்தார்கள். தப்பிப் போனவர்களை ராணுவம் திரும்பப் பிடித்து வந்தது. 1864இல் அப்படிப் பிடிக்கப்பட்ட ஒரு பெண் அமாண்டா. கண் தெரியாதவர். வெள்ளைக்காரர் ஒருவரோடு வாழ்ந்து சிறு மகளும் இருந்த அவரை மகளிடமிருந்து பிரித்து, இந்தக் கரைப் பாறைகளின் மேல் நடத்தியே கூட்டிவந்தார்கள். கூட வந்த படைவீரர் ராயல் பென்செலின் நாட்குறிப்பு இல்லையென்றால் இது நமக்குத் தெரிந்திருக்காது. கூர்க்கற்கள் பாதத்தைக் கிழித்ததையும், அமாண்டா போன வழியை ரத்தம் காட்டியதையும் பென்செல் எழுதிவைத்திருக்கிறார். பசால்ட் அலை படும் இடத்தில்தான் வழுவழுப்பாகும். மற்ற இடத்தில் உடைந்த விளிம்பு கத்திதான். நல்ல காலணியோடு அந்தத் தடத்தில் கொஞ்ச தூரம் நடந்தோம். பையன் கேள்விகள் கேட்டான். அவன் அம்மா ஒன்றையும் மழுப்பாமல் சொன்னாள். கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு வந்த பயணத்தில், இங்கே இருந்த மனிதர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பிற்பகலில் கடலேற்றம். அதைக் கணக்குப் பார்த்துத்தான் இங்கே வந்திருந்தோம். டெவில்ஸ் சர்ன் என்ற நீண்ட வெடிப்புக்குள் அலை புகுந்து, ஒடுங்கிக்கொண்டே போய், முடிவில் வேறு வழியின்றி மேலே சீறுகிறது. சற்றுத் தெற்கே தோர்ஸ் வெல். பாறைத் தளத்தின் நடுவே வட்டமாக ஒரு கிணறு. ஏறக்குறைய 20 அடி ஆழம். அடியில் கடலோடு தொடர்பு. அலை வரும்போது கிணறு உள்ளிருந்து பொங்கி வழிகிறது. போகும்போது சுற்றியுள்ள நீரையெல்லாம் இழுத்து விழுங்குகிறது. கடலின் வடிகால் என்று சுற்றுலாத் துண்டுத்தாள்கள் கதை விடும். கடலடிக் குகை ஒன்றின் கூரை விழுந்ததால் உண்டான துளையாக இருக்கலாம் என்பது பொதுவான விளக்கம். படத்துக்காக விளிம்பு வரை போகிறவர்களைப் பார்த்தால் நமக்கு வயிறு கலங்குகிறது. திடீரென உயர்ந்து வரும் அலை இந்தக் கரையில் ஆளை அடித்துப் போயிருக்கிறது. கடலுக்கு முதுகு காட்டாதே என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். நாங்கள் மேட்டிலேயே நின்றோம்.

எர்த்கேச் கேள்வி: இந்தக் கிணறு எப்படி உருவானது என்று நினைக்கிறீர்கள்? பார்த்ததை வைத்துச் சொல்லுங்கள்.

“குகையோட கூரை விழுந்துடுச்சுன்னு எழுதட்டா?” என்றான் பையன்.

“நீ பார்த்தியா?” என்றாள் அவன் அம்மா.

“ஓட்டைதான் பார்த்தேன்.”

“அப்ப அதை எழுது. மிச்சத்தை ‘இருக்கலாம்’னு எழுது.”

அவன் பெருவிரல்களால் தட்டிக்கொண்டிருந்தபோது நான் வரைபடத்தைப் பார்த்தேன். தெற்கே, ஹெசீட்டா முனையைத் தாண்டினால், கடற்சிங்கங்கள் கூட்டமாக வந்து தங்கும் பெருங்குகை ஒன்று பாறைக்குள் இருக்கிறது. லிஃப்டில் இறங்கிப் பார்க்கலாம். அங்கே கூரை இன்னும் விழவில்லை. மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அக்கா மகள் சாவியை எடுத்தாள். வண்டியில் ஏறியதும் பையன், அந்தக் கூரை எவ்வளவு கனம் இருக்கும், அதில் வெடிப்பு இருக்கிறதா என்று அங்கே யாரிடம் கேட்பது என்றான்.